வெள்ளச்சிக்குக் குளிருதாம்!

மார்கழி பிறந்துவிட்டால் போதும், எங்கள் வீட்டு வெள்ளச்சிக்குக் குணமே மாறிவிடும். மற்ற நாட்களில் ஆயிரம் தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத மகராசி, பனி இறங்கியதும் என் முந்தானையை விட்டு நகர மாட்டாள். அவள் மகன் கருப்பன் இன்னும் மோசம்.

திண்டுக்கல்லில் அப்படி என்ன குளிர் என்று கேட்பீர்கள். கொடைக்கானல் மாதிரி இல்லைதான். ஆனாலும் சிறுமலைப் பக்கமிருந்து விடியற்காலையில் ஒரு காற்று வரும் பாருங்கள், கோலப்பொடி எடுக்கிற விரல் மரத்துப் போகும். பூனைக்கோ நம்மைவிட உடம்புச் சூடு அதிகம். 38லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சுற்றிலும் 30 டிகிரியாவது இருந்தால்தான் அந்தச் சூட்டைக் காப்பாற்ற அதன் உடம்பு சிரமப்படாதாம். நாம் 'உஸ்' என்று விசிறிக்கொள்கிற வெயில்தான் அதற்குச் சுகம்!

அதனால்தான் இத்தனை கூத்தும். காலையில் முற்றத்து வெயில் நகர நகர வெள்ளச்சியும் கூடவே நகர்வாள். மத்தியானம் ஃப்ரிட்ஜ் தலைமேல், ராத்திரி இன்வெர்ட்டர் மேல். கருப்பனுக்கு இட்லிச் சட்டி இறக்கின சூட்டோடு கேஸ் அடுப்பு ஓரம்தான் மெத்தை. அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் சமையலே இல்லை என்றல்லவா அர்த்தம்? என் மாமியாருக்கு அதைப் பார்த்தாலே பொறுக்காது. "ஏத்தா, மூணு வேளையும் பொங்குற வீட்டுல இது என்ன கோலம்? பாக்குறவுக என்ன நினைப்பாக?" என்று விளக்குமாற்றைத் தூக்குவார். கருப்பன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, வாலை இழுத்து மூக்கின்மேல் போர்த்திக்கொள்வான்.

போன மார்கழியில் இது சிரிக்கிற விஷயமாக இல்லை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு இருபது நாள். ஒருநாள் விடியற்காலை, வெள்ளச்சி கட்டில் விளிம்பில் நின்றபடி தூளியைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள். மகள் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. "சாக்குல கட்டி பைபாஸ் பக்கம் விட்டுட்டு வாப்பா" என்றார் அத்தை. என் கணவரும் சாக்கைத் தேடப் போய்விட்டார்.

பூனைக்குப் பிள்ளைமேல் பகை ஒன்றும் கிடையாது. வீட்டிலேயே கதகதப்பான இடம் அந்தத் தூளிதான், அவ்வளவே. ஆனால் பச்சைக் குழந்தை முகத்தருகே அது படுத்துவிட்டால், தள்ளிவிடவோ தலையைத் திருப்பவோ குழந்தைக்குத் தெரியாது. மூச்சு முட்டிவிடும். கொசுவலையையும் நம்பாதீர்கள், பூனை அதன்மேலேயே ஏறிப் படுக்கும், வலை பிள்ளைமேல் தொய்ந்துவிடும். பிள்ளை தூங்கும் அறைக்கதவைச் சாத்தி வைப்பது ஒன்றே வழி. ஜன்னலுக்குக் கம்பி வலையும் அடித்தோம்.

அதோடு, தூளியைவிடச் சூடான இடம் ஒன்றைக் காட்டினால் அது ஏன் இந்தப் பக்கம் வரப்போகிறது என்று தோன்றியது. மளிகைக் கடையில் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி, பூனை நுழையும் அளவுக்கு மட்டும் வாசல் வெட்டினேன். தரையின் சில்லிப்பு ஏறாமலிருக்க அடியில் இரண்டு செங்கல். உள்ளே பழைய ஸ்வெட்டரும், நைந்த நூல் சேலையும். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, துண்டு சுற்றி வைப்பேன். முதல் இரண்டு நாள் மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் பெட்டிக்குள்ளிருந்து குறட்டை! சாக்கு பழையபடி பரணுக்குப் போனது.

அந்த வாரமே கருப்பனுக்குத் தும்மல். "பிள்ளைக்கு வாங்கின காய்ச்சல் மருந்துல நாலு சொட்டு விடுங்கக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் நாம் சாதாரணமாக விழுங்குகிற பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கிற சக்தி அதன் உடம்புக்குக் கிடையாது. ஒரே ஒரு மாத்திரைகூட உயிரை வாங்கிவிடும். கூடையில் வைத்து மூடி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். நாலே நாளில் தும்மல் நின்றது.

இப்போதுள்ள தொல்லை வேறு. பெட்டிக்குள் தன் அம்மாவையே விடமாட்டேன் என்கிறான் கருப்பன். மளிகைக் கடையில் இன்னொரு பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.