நாட்டோ சாப்பிட்டுட்டு வராதீங்க

பயணக் கட்டுரைன்னா முதல்ல விமானம், அப்புறம் ஜன்னல் சீட்டு, அப்புறம் மேகம்னு வரும். அதெல்லாம் விட்டுடுறேன். ஆறு மாசம் ஹிரோஷிமா பக்கத்துல ஹிகாஷிஹிரோஷிமாங்கிற ஊர்ல, ஒரு பயோடெக் லேப்ல இன்டர்ன்ஷிப் பண்ணேன். அந்த ஊர்ல சைஜோன்னு ஒரு பகுதி. ரயில்ல இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா வெள்ளைச் சுவரும் செங்கல் புகைபோக்கியுமா வரிசையா ஏழு சாகே ஆலைகள். சாகேன்னா அரிசியில இருந்து எடுக்குற மது. ஜனவரி மாசம் அதுல ஒண்ணுக்குள்ள போய்ப் பார்த்த கதைதான் இது. "காலேஜ் பத்திரிகையில சரக்கு பத்தியா?"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. கொஞ்சம் பொறுங்க.

எங்க பேராசிரியரோட பழைய மாணவர் ஒருத்தர் அங்க வேலை பார்க்குறார். அதனால கடைப்பக்கம் மட்டுமில்லாம உள்ளேயும் விட்டாங்க. ரெண்டு நாள் முன்னாடி ஒரு மெயில் வந்துச்சு. அதுல ஒரே ஒரு கண்டிஷன்: நாட்டோ சாப்பிட்டுட்டு வராதீங்க. நாட்டோங்கிறது புளிக்க வெச்ச சோயா, நூல் நூலா இழுக்கும். அதுல இருக்குற பேசில்லஸ் பாக்டீரியா ரொம்ப முரடு. நம்ம மேல ஒட்டிக்கிட்டு உள்ள போயிடுச்சுன்னா, அவங்க வளர்க்குற கோஜிப் பூஞ்சையைக் கெடுத்துடும். லேப்ல கிளவுஸ் போடாம பிளேட்டைத் தொட்டதுக்கு நான் திட்டு வாங்கினது ஞாபகம் வந்துச்சு. இங்க நாம காலையில என்ன சாப்பிட்டோம்ங்கிற வரைக்கும் கேக்குறாங்க!

வாசல்ல கூரைக்குக் கீழே தேவதாரு இலைகளைக் கட்டி, ஒரு பெரிய பந்து மாதிரி தொங்க விட்டிருந்தாங்க. புது சாகே வந்ததும் பச்சையா மாட்டுவாங்க. மாசம் போகப் போக அது பழுப்பாகும். அதைப் பார்த்தே சாகே எவ்வளவு பழகியிருக்குன்னு தெருவுல போறவங்க தெரிஞ்சுக்கலாம். போர்டும் வேணாம், விளம்பரமும் வேணாம்.

உள்ள நுழைஞ்சதும் அரிசி. பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருந்துச்சு. ஏன்னா மேல் பாகத்தைத் தேய்ச்சே எடுத்துடுறாங்க. வெளிப்பக்கம் இருக்குற புரதமும் கொழுப்பும் சுவையைக் கெடுக்கும், நடுவுல இருக்குற மாவுச்சத்துதான் வேணும். உயர்ந்த ரகமான தாய்கின்ஜோவுக்கு அரிசியில பாதியாவது தேய்ஞ்சு போயிருக்கணும். வேகமா தேய்ச்சா சூடாகி உடைஞ்சுடும்னு ரெண்டு நாளுக்கு மேல மெதுவா தேய்க்குறாங்க. எங்க பாட்டி பார்த்திருந்தா அந்த இடத்துலயே சண்டை போட்டிருப்பாங்க. (தேய்ச்ச மாவு வீணாகல, முறுக்கு மாதிரியான அரிசி பிஸ்கட்டுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகுதாம். பாட்டிக்காக இந்தத் தகவல்.) 1896-ல ஜப்பானோட முதல் விசையில ஓடுற அரிசி அரவை மெஷினை உருவாக்கின சாடகே ரீச்சியும் இதே ஊர்க்காரர்தான். அந்த சாடகே கம்பெனியோட தலைமையகம் இன்னிக்கும் இங்கதான் இருக்கு.

அரிசி கழுவுறதை நீங்க பார்க்கணும். பத்துப் பத்து கிலோவா பிரிச்சு, ஒருத்தர் ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு நிக்குறார். ஊற வேண்டிய நேரம் செகண்ட் கணக்கு. பத்து செகண்ட் கூடப் போனா அரிசி அதிகமா தண்ணி குடிச்சுடும்.

இனி கெமிக்கல், பயோடெக் மக்கள் கவனிங்க, மத்தவங்க ஒரு பத்தி தாண்டிக்கலாம். திராட்சையில சர்க்கரை ரெடியா இருக்கு, ஈஸ்ட் போட்டா வேலை முடிஞ்சுது. பீர்ல முளைகட்டின பார்லி மாவுச்சத்தை முதல்ல சர்க்கரையாக்கும், அதுக்கப்புறம்தான் ஈஸ்ட். அரிசியில சர்க்கரையும் இல்ல, தேய்ச்ச அரிசி முளைக்கவும் முளைக்காது. அதனால வெந்த அரிசி மேல கோஜிப் பூஞ்சையைத் தூவி, சூடான ஒரு அறையில ரெண்டு நாள் வளர்த்து, அதையும் ஈஸ்டையும் ஒரே தொட்டியில போடுறாங்க. பூஞ்சையோட என்சைம் ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையை விட, ஈஸ்ட் இன்னொரு பக்கம் அதை அப்பப்ப தின்னுடுது. மொத்த சர்க்கரையையும் ஒரேயடியா கொட்டினா ஈஸ்ட் திணறிடும்ல? இங்க அது நடக்காது. நாலாவது செமஸ்டர்ல நாம படிச்ச ஃபெட்-பேட்ச் கான்செப்டேதான், ஆனா பம்பும் கிடையாது, கன்ட்ரோலரும் கிடையாது. அதனாலதான் சாகே தண்ணி கலக்காமலே சுமார் 20 சதவீத ஆல்கஹால் வரைக்கும் போகுது. பாட்டில்ல அடைக்குறப்ப தண்ணி சேர்த்து 15, 16-க்குக் கொண்டு வர்றாங்க.

தொட்டியில அரிசியைச் சேர்க்குறதும் ஒரேயடியா இல்ல, நாலு நாள்ல மூணு தடவை. ரெண்டாவது நாள் எதுவும் போட மாட்டாங்க, ஈஸ்ட் பெருகட்டும்னு விட்டுடுவாங்க. அந்த நாளுக்கு அவங்க வெச்ச பேர் ஓதோரி. நடனம்னு அர்த்தம்.

தொட்டி அறைக்கு மாடிப்படி ஏறிப் போனோம். நல்ல குளிர். "எட்டிப் பாருங்க, ஆனா குனிஞ்சு மூச்சு இழுக்காதீங்க"ன்னார் அந்த அண்ணன். (ஜப்பான்ல அப்படிக் கூப்பிட மாட்டாங்க. எனக்கு வேற மாதிரி வரல.) மேல கார்பன் டை ஆக்சைடு தேங்கி நிக்கும், மயங்கி உள்ள விழுந்து செத்தவங்க இருக்காங்கன்னு சொன்னார். நான் கையால விசிறி லேசா மோந்து பார்த்தேன். மூக்குல சுருக்குன்னு குத்துச்சு. அதுக்குப் பின்னாடி இட்லி மாவு வாசம். பழைய சோத்து வாசம். அதுக்கும் பின்னாடி, அது.

எங்க அப்பா குடிப்பார். நான் ஆறாவது படிக்குறப்பல இருந்து எனக்கு ஒரு வேலை இருந்துச்சு. யாரும் கொடுத்த வேலை இல்ல. அப்பா வந்து கொடியில சட்டையைக் கழட்டிப் போட்டதும், போய் மோந்து பார்ப்பேன். பீரா, பிராந்தியா, எவ்வளவு, வழியில வேற யாரோடயாவது இருந்தாரா, எல்லாம் சொல்லிடுவேன். அதை வெச்சுத்தான் அன்னிக்கு ராத்திரி தங்கச்சியை பக்கத்து வீட்டு அத்தை வீட்ல படுக்க வைக்கணுமா வேணாமான்னு அம்மா முடிவு பண்ணுவாங்க. பெரும்பாலும் தப்பாது. ஏர்போர்ட்ல அம்மா அழல, பத்திரமா இருன்னு கூடச் சொல்லல. "அங்க போய் அதைத் தொட்டுடாத"ன்னு மட்டும் சொன்னாங்க. சரின்னேன்.

கடைசியில ஒரு சின்ன அறை. மேசை மேல வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொண்ணோட அடியிலயும் ரெண்டு நீல வட்டம். வெள்ளையில சாகேவோட நிறம் தெரியும், நீலத்துல கலங்கலா தெளிவான்னு தெரியும். நாலு சாகே வரிசையா இருந்துச்சு. எனக்கு வயசு 20. ஜப்பான் சட்டப்படி குடிக்கலாம், நம்ம ஊர் சட்டப்படி 21 ஆகணும். இதை நான் ஏன் உங்ககிட்ட கணக்குப் பார்த்துச் சொல்றேன்னு எனக்கே தெரியல, ஆனா அந்த அறையில நின்னுக்கிட்டு மனசுல இதேதான் கணக்குப் போட்டேன்.

லேப்ல கூட வேலை பார்த்த வியட்நாம் பொண்ணு ரெண்டாவது கோப்பைக்குப் போயாச்சு. நான் மோந்து மட்டும் பார்த்தேன். முதலாவது ஆப்பிள். ரெண்டாவதுல பழுத்த வாழைப்பழம், பிளஸ் டூ லேப்ல எஸ்டர் செஞ்சப்ப வருமே, அதே வாசம். அது ஐசோஅமைல் அசிடேட், ஈஸ்ட் தானே பண்றது. மூணாவது சாதம். நாலாவதுல ஏதோ சரியில்லன்னு தோணுச்சு, பழைய அட்டைப்பெட்டி மாதிரி. சொன்னேன். அந்த அண்ணன் சிரிச்சுட்டு, நாலாவது வேணும்னே வெயில்ல வெச்சுக் கெட்டுப்போக விட்டது, வர்றவங்களுக்குச் சோதனைன்னார். "உங்க மூக்கு நல்ல மூக்கு. எங்க பழகினீங்க?"ன்னு கேட்டார்.

லேப்லன்னு சொன்னேன்.

அப்புறம்தான் கவனிச்சேன், மேசைக்குக் கீழே ஒரு வாளி. இங்க வேலை பார்க்குறவங்க வாயில வெச்சு, காத்தை உறிஞ்சு, சுவை பார்த்துட்டுத் துப்பிடுவாங்க. "விழுங்கினா மத்தியானத்துக்கு மேல எப்படி வேலை பார்க்குறது?"ன்னார். மதுவைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, நாள் பூரா அதைத் துப்புற ஆம்பளைங்களை நான் அதுவரைக்கும் பார்த்ததில்ல. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு. யார் மேல கோபம்னு கேக்காதீங்க.

முதல் கோப்பையை எடுத்தேன். ஒரு ஸ்பூன் அளவு. வாயில வெச்சேன். முதல்ல இனிப்பு, அப்புறம் ஒரு சூடு, அப்புறம் அந்த ஆப்பிள் மூக்கு வழியா திரும்பி வந்துச்சு. நல்லா இருந்துச்சு. அதுதான் பிரச்சினை. கசப்பா, குமட்டலா இருக்கும்னுதான் இத்தனை வருஷம் நம்பிக்கிட்டு இருந்தேன். துப்பிட்டேன். தண்ணி குடிச்சேன். அடுத்த மூணையும் தொடல.

வெளியே வந்தா தெருவுல கிணத்துத் தண்ணிக்கு ஒரு குழாய் வெச்சிருந்தாங்க. ஊர்க்காரங்க கேன் கொண்டு வந்து பிடிச்சுட்டுப் போறாங்க. ஹிரோஷிமா தண்ணி பொதுவா மென்தண்ணி, தாதுச்சத்து கம்மி, ஈஸ்ட் சோம்பலா வேலை செய்யும். ஒரு காலத்துல இந்தத் தண்ணியில நல்ல சாகே வராதுன்னாங்களாம். பக்கத்து ஊரு மியுரா சென்சபுரோ, குறைஞ்ச வெப்பத்துல மெதுவா புளிக்க வைக்குற முறையைக் கண்டுபிடிச்சு, 1898-ல புத்தகமாவே போட்டு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துட்டார். நானும் ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சுக்கிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால். அரிசியைப் பாதி தேய்க்குறது, ஸ்டாப்வாட்ச், நாட்டோ எல்லாம் சொன்னேன். சொல்லாம விட்டிருக்கலாம். ஆனா சொல்லிட்டேன்: "ஒரு சொட்டு வாயில வெச்சேன்மா. துப்பிட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. பின்னாடி டிவி சத்தம், அப்பா இருமுற சத்தம்.

"வாய் கொப்புளிச்சியா?"

"கொப்புளிச்சேன்."

"சரி"ன்னாங்க. போனை வைக்குறதுக்கு முன்னாடி குரலைத் தாழ்த்தி, "நல்லா இருந்துச்சுன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாத"ன்னாங்க.

நல்லா இருந்துச்சுன்னு நான் சொல்லவே இல்ல.