ஆரவல்லிக்கு ஒரு ஜமா

போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரத்தில் பாரதம் என்பது ஒரு பருவம். பங்குனி பிறந்துவிட்டால் ஏதாவதொரு திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறியிருக்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. அக்னி வசந்த விழா என்று நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்கள். எந்த இரவில் எந்தக் கூத்து என்பதும் ஏறக்குறைய முடிவானதுதான். வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், இராஜசூய யாகம், பகடை துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கர்ண மோட்சத்துக்குக் கோயிலுக்கு வெளியிலும் அழைப்பு உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் போய்விட்டால் காரியத்தை ஒட்டி விடிய விடிய அதை வைக்கிற வழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

இந்த வரிசைக்குள் வராத கூத்துகளை யார் கேட்கிறார்கள், யார் ஆடுகிறார்கள் என்ற கேள்வியோடுதான் சந்தவாசலுக்குப் போனேன். ஆரவல்லி சூரவல்லி கூத்தைக் கூலி வாங்காத ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, எடுத்து வைக்கப்போகிறது என்று போளூரில் ஒரு மிருதங்கக்காரர் சொல்லியிருந்தார்.

சந்தவாசல் ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்து ஊர். படவேட்டுக்குப் பிரிகிற சாலை இங்கிருந்துதான் போகிறது. ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் இந்தச் சாலையை அடைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் வாழைத்தார் ஏற்றிய வண்டிகள்தான். மலையிலிருந்து இறங்குகிற கமண்டல நாகநதி ஈரம் கொடுப்பதால் எங்கு பார்த்தாலும் வாழை. ஜமாவில் பாதிப்பேர் அந்தத் தோப்புகளில் வேலை செய்கிறவர்கள். மற்றவர்களில் ஒருவர் கொத்தனார், ஒருவர் ஆரணிப் பக்கம் பட்டுத்தறி ஓட்டுகிறவர், ஒருவர் மினி லாரி டிரைவர். மிருதங்கம் வாசிக்கிற பையன் மலைமேல் இருக்கிற மலையாளி சமூகத்துப் பிள்ளை. ஒத்திகைக்காக ஜமுனாமரத்தூர் பக்கமிருந்து பைக்கில் இறங்கி வருகிறான். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மட்டுமே கூத்தைத் தொழிலாகச் செய்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளம் வயதில் பெரிய ஜமா ஒன்றில் பெண் வேஷம் கட்டினாராம்.

"கர்ண மோட்சம் எடுத்திருந்தால் நாலு ஊரில் கூப்பிட்டிருப்பார்களே?" என்று அவரிடம் கேட்டேன்.

"அதை ஆட எத்தனையோ ஜமா இருக்குது சார். ஆரவல்லியை ஆட யார் இருக்கா? நான் போயிட்டா அந்தப் பாட்டெல்லாம் என்கூடவே போயிடும். இந்தப் பசங்களுக்குக் கூத்துல சோறு இல்ல, அதனால எதை வேணும்னாலும் ஆடலாம். எங்க காலத்துல எங்களுக்கு அந்த வசதி இல்ல."

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. தாம்பூலம் வாங்கிக்கொண்டு ஆடுகிற ஜமா ஊர் கேட்டதைத்தான் ஆட முடியும். பருவத்துக்குப் பருவம் கேட்கப்படாத கூத்து வாயில் தங்காது. பாட்டு மறந்துபோகும், பிறகு கதையும் மறந்துபோகும். பிழைப்புக்கு வேறு வேலை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களால்தான் அப்படிப்பட்ட கூத்தைக் கையில் எடுக்க முடிகிறது. ஜப்பானில் யமகதா மாநிலத்துக் குரொகாவா கிராமத்தின் விவசாயிகள் ஏறக்குறைய 500 ஆண்டுகளாக நோ நாடகத்தைத் தாங்களே ஆடிவருகிறார்கள். பிப்ரவரி முதல் இரண்டு நாள் அங்கே திருவிழா. தொழில்முறை நோ குடும்பங்கள் கைவிட்ட நாடகங்கள் சில அந்தக் கிராமத்தாரிடம்தான் மிஞ்சியிருக்கின்றன. நம் ஊரில் அமெச்சூர் நாடகம் என்றால் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபாவை நினைப்போம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறிய அந்தச் சபாவுக்கு நாடக வரலாற்றில் உரிய இடம் கிடைத்திருக்கிறது. வாழைத்தோப்பில் வேலை முடித்து வந்து வேஷம் கட்டுகிற இவர்களும் கலைமேல் உள்ள ஆசைக்காக மட்டுமே ஆடுகிறவர்கள்தான்; அமெச்சூர் என்ற பெயரை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆரவல்லி கதை வில்லிபாரதத்தில் இல்லை. ஆரவல்லியும் அவள் தங்கைகளும் ஆளும் பெண்கள் நாட்டுக்குப் போன பீமன் தோற்றுச் சிறைப்படுகிறான். பாண்டவர்களுக்கு ஒரு தங்கை உண்டு என்கிறது கதை, பெயர் சங்குவதி. அவள் மகன் அல்லிமுத்து படையெடுத்துப் போய் ஆரவல்லியை வென்று, அவள் மகள் பலவரிசையை அழைத்துக்கொண்டு திரும்புகிறான். வழியில் நஞ்சுக்குப் பலியாகிறான். அபிமன்யு போய் அவன் உயிரை மீட்டுவருகிறான். அல்லி அரசாணி, பவளக்கொடி போலவே மக்கள் தாங்களாகப் பாரதத்தோடு சேர்த்துக்கொண்ட கதை இது. 1957இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரவல்லி என்று படமாகவும் எடுத்தது. பீமனையே கட்டிப்போடுகிற பெண்கள், மகனைப் போருக்கு அனுப்ப மனம் வராத ஒரு தாய், தன் நாட்டை அழித்தவனோடு போகவேண்டியிருக்கிற ஒரு மகள் என்று இவ்வளவு வலுவுள்ள கதை களரிக்கு வராமல் கிடக்கிறதே என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

ஒத்திகை நடந்தது ஒரு களத்துமேட்டில். ஒரு டியூப்லைட், ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், தாளம். முகவீணை இல்லை. சின்னஞ்சிறு நாகசுரம் மாதிரி இருக்கிற அந்தக் கருவியின் கூர்மையான குரல்தான் கூத்துப் பாட்டை நெடுந்தூரத்துக்குக் கொண்டுபோகும். வாசிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கூத்தன்றைக்கு மட்டும் வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவர ஏற்பாடு.

வாத்தியாரிடம் ஒரு பழைய அச்சுப் புத்தகம் இருந்தது. சென்னை பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் போட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாள் தெரியும். தொட்டால் ஓரம் உதிரும். அட்டையும் முன்பக்கங்களும் போய்விட்டதால் யார் போட்டதென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தருவுக்கும் மேலே இராகமும் தாளமும் அச்சாகியிருக்கின்றன. அதை நம்பிப் பாட முடியாது. தோடி என்று போட்டிருப்பதைக் கூத்துக்காரர் பாடும்போது அது வேறு வடிவத்தில் வரும்; எங்கே இழுக்க வேண்டும், எங்கே பின்பாட்டுக்கு விட வேண்டும் என்பது கேட்டவருக்குத்தான் தெரியும். அதனால் வாத்தியார் சொல்லச் சொல்லத் தறிக்காரர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். விருத்தம் நீலத்தில், தரு சிவப்பில், வசனம் பென்சிலில். பின்பாட்டு எடுக்க வேண்டிய இடங்களில் ஒரு சின்ன வட்டம். மெட்டைச் சொல்ல, அதே நடையில் போகிற வேறு கூத்துப் பாட்டின் முதல் சொல்லை ஓரத்தில் குறித்திருக்கிறார்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது சங்குவதி மகனைத் தடுக்கிற இடம். வாத்தியாருக்கு மெட்டு வரவில்லை. உட்கார்ந்தபடி ஆரம்பித்தார், இரண்டாம் அடியில் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், வேறு பாட்டுக்குள் போய்விட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மிருதங்கப் பையனைப் பார்த்து, "தம்பி, சும்மா அடியைப் போடு" என்றார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பெண் வேஷக்காரரின் அடவில் இடுப்பைச் சாய்த்து, முந்தானை பிடிக்கிற மாதிரி வலக்கையை மார்புக்குக் கொண்டுபோய், இரண்டு சுற்று நடந்தார். மூன்றாவது சுற்றில் பாட்டு முழுசாக வந்தது. ஒப்பாரியின் இழைவு அதில் அப்படியே இருந்தது. மேலே எடுத்த குரல் கடைசிச் சொல்லில் சரிந்து விழ, அந்தச் சொல்லைப் பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தறிக்காரர் போனில் பதிவுசெய்தார். பலவரிசையாக வேஷம் கட்டப்போகிற கல்லூரி மாணவிதான் முதலில் அதைத் திருப்பிப் பாடிக்காட்டினாள்.

அவள் இந்த ஜமாவில் இருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கூத்தில் பெண் வேஷமும் ஆண்கள் கட்டியதுதான் மரபு. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் பெண் பிள்ளைகளையும் முழுசாகப் பழக்கிக் களரியில் இறக்கியது. 2002இல் தொடங்கிய அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டாலும், பெண்களுக்குக் கூத்து ஆகாது என்ற பேச்சு அதற்குப் பிறகு செல்லாது.

கூத்தன்று மாலையிலேயே போய்விட்டேன். வேஷம் கட்டுவதைப் பார்க்காமல் கூத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்து, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தாங்களே முகம் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டியவை. அந்த மரம் லேசாக இருக்கும், செதுக்க இணங்கும். இடுப்பில் பழைய சேலைகளை மடித்து மடித்துச் சுற்றி, அதன்மேல் பாவாடையை இறக்கினால் ஆள் இரண்டு மடங்கு அகலமாகிவிடுகிறார். பீமனாக வந்த கொத்தனாருக்குப் புஜக்கட்டை கட்டியவர், கயிற்றை முடிச்சிடும் முன் கையை மேலே தூக்கி ஒரு கிறுக்கி சுற்றச் சொன்னார். சுற்றியபோது கட்டை முன்பக்கம் நகர்ந்தது. அவிழ்த்து, அக்குளுக்கடியில் ஒரு துணிச்சுருளை வைத்து மறுபடி கட்டினார். கயிறு இறுகினால் நள்ளிரவுக்குள் கை மரத்துவிடும், தளர்ந்தால் சுற்றும்போது கழன்றுவிடும்.

மேடை கிடையாது. தெருவில் ஒரு பெஞ்சு, பின்னால் பெட்டியும் மிருதங்கமும். கட்டியங்காரன் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போன பிறகு இரண்டு பேர் திரை பிடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்தே ஆரவல்லி விருத்தம் பாடினாள். முகம் தெரியாமல் குரல் மட்டும் வருகிற அந்த நேரம் கூத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன். திரை விலகுவதற்குள் அவள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மைக் ஒன்றே ஒன்று, கழியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்டாண்டு மைக் நாலு வைத்துக் கூத்தைக் கச்சேரி ஆக்குவதை நான் ஏற்கவில்லை. ஆடுகிறவர் பாட்டுக்காக மைக்கிடம் ஓடிவந்தால் கிறுக்கி பாதியில் நின்றுபோகிறது. இங்கே ஒரு மைக் போதுமாக இருந்ததற்குக் காரணம் வாத்தியாரின் பிடிவாதம். தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி குரலை எடுக்கப் பழக்கியிருந்தார். புதுசாகப் பாடுகிறவர்களுக்குப் பின்னிரவில் தொண்டை கட்டியது. அப்போதெல்லாம் பின்பாட்டு ஒரு அடி கூடுதலாக நீண்டு அவர்களுக்கு மூச்சு கொடுத்தது.

சங்குவதி பாட்டுக்கு முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். முகவீணைக்காரர் அந்த மெட்டை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாராம். மூன்றாம் அடியிலிருந்து குரலோடு ஒட்டிக்கொண்டார். பலவரிசை வந்தபோது மணி மூன்றாகியிருந்தது. அல்லிமுத்து மீண்டெழுந்து மங்களம் பாடி முடிக்கையில் மலைப்பக்கம் வெளுத்துவிட்டது. கொத்தனார் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைய கான்கிரீட் வேலைக்கு மேஸ்திரியிடம் கொஞ்சம் தாமதமாக வருவதாகப் போனில் சொன்னார். தோப்பு வேலைக்காரர்களுக்கு அன்றைய கூலி போனதுதான்.

இதே திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரான் வழியில் உலகம் அறிந்த கூத்துப் பள்ளியாக நிற்கிறது. ந. முத்துசாமி தன் கூத்துப்பட்டறை நாடகக் குழுவினரை அவரிடம் கூட்டிப்போனார். தம்பிரானின் மகன் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வட்டாரமே கொண்டாடியது. அந்தக் கவனத்தில் ஒரு பங்கு அழைப்பு இல்லாத கூத்துகளுக்கும் வர வேண்டும். எனக்குத் தெரிந்து அதற்குச் செய்ய வேண்டிய முதல் வேலை மெட்டுகளைப் பதிவுசெய்வது. புத்தகங்கள் நூலகங்களில் கிடைக்கலாம். வாத்தியார் எழுந்து நடந்தபோது வந்த பாட்டு எந்த நூலகத்திலும் கிடைக்காது. தறிக்காரரின் போனில் இருப்பதைப் பிரதி எடுத்துக்கொண்டேன். ஆரவல்லிப் பாட்டுகளில் இன்னும் பாதி பதிவாகவில்லை.

அடுத்தது மின்னொளியாள் குறவஞ்சி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாத்தியாருக்கு அதில் குறத்தியின் பாட்டுகள் மட்டும் தெரியும். அர்ஜுனன் பாட்டுகள் தெரிந்த ஒருவர் செய்யாறு பக்கம் இருக்கிறாராம். வாழைத்தார் அறுப்பு முடிந்ததும் மிருதங்கப் பையனும் தறிக்காரரும் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போகிறார்கள்.