நோயர் சொல் கேட்போம்

வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி வட்டாரத்தில், சிற்றூர்தோறும் பணிபுரியும் நலவாழ்வுப் பணியாளர்களிடம் மனநோய்க்குக் காரணம் யாது என வினவினர் ஆய்வாளர். 2003இல் வெளிவந்த அவ்வாய்வில் செய்வினை, தீய ஆவி, ஊழ்வினை என விடைகள் பலவாக இருந்தன.

அறியாமை என இதனை எள்ளலாகாது. நோயரும் அவரைப் பேணுவோரும் அவ்வாறே எண்ணுதல் கூடும். அவ்வெண்ணத்தை அறியாது தரும் மருந்து பலகணி வழியே வெளியேறும்.

எம் சிற்றன்னையார் நோயுற்ற நாளில் இதனை யாம் நேரிற் கண்டோம். மாத்திரையைத் தொட மறுத்தவரிடம் செவிலியர் ஒருவர், "உங்களுக்கு என்ன நேர்ந்ததாக நினைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார்.

"எவரோ செய்வினை வைத்துவிட்டார்கள், மாத்திரை அதற்கு என்ன செய்யும்?"

செவிலியர் வாதிடவில்லை. "அந்த அச்சத்தில் உறக்கமே போயிருக்குமே" என்றார். சிற்றன்னையார் கண்ணீர் உகுத்தார். "பிரார்த்தனையும் நடக்கட்டும், உறங்குவதற்கு இதனையும் உண்ணுங்கள்" என்றதும் கை நீட்டினார்.

இவ்வாறு உள்ளம் அறிதற்குக் காலமும் இடமும் வேண்டும். பாகாயத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் நோயருடன் உறவினரையும் தங்கச்செய்யும் முறையை 1950களிலேயே மேற்கொண்டது. உடனிருக்கும் உறவினர் நோயை உணர்வர். மருத்துவர் உறவினரின் களைப்பை உணர்வர்.

மாணவ நண்பர்களே, அறிவுரை கூறுமுன் ஒரு வினா கேட்போம். விடை முடியும்வரை காத்திருப்போம்.