படகில் ஓர் அடுப்பு

கொல்கத்தாவுக்குத் தெற்கே, சுந்தரவனத்தின் ஓரத்தில் ஒரு கிளையில் இப்போது எனக்கு வேலை. இங்கே கடன் கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் நண்டு பிடிப்பவர்கள். மூன்று பேர், ஒரு சின்ன மரப்படகு, சில நாளைக்கு வேண்டிய அரிசி, குடிதண்ணீர். காட்டுக் கரையில் இறங்கிச் சமைக்க முடியாது, புலி! ஆகவே சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே.

எங்கள் கடன் படிவத்தில் எஞ்சினுக்கு இடம் உண்டு, வலைக்கு உண்டு, அடுப்புக்கு மட்டும் கிடையாது. போன மாதம் வந்த தாதா (பயப்படாதீங்க, வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்) மண் அடுப்பை விட்டு காஸுக்கு மாறப் போவதாகச் சொன்னார். "நல்லதுதானே, மேனேஜர் பாபு?" என்றார்.

நல்லதுதான். ஆனால் வீட்டுக் கணக்கு படகுக்கு ஒத்துவராது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வைப்போம், தரையோடு வெளியே போக வழி இருக்கிறது. படகோ ஒரு கிண்ணம். கசிந்தது அடிப்பலகைக்குக் கீழே இறங்கித் தேங்கி நிற்கும். காற்றில் 2 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும்.

பி.காம் படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். கடன் கொடுப்பவன் ரிஸ்க்கைப் பார்க்க வேண்டாமா? அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

5 கிலோ சிலிண்டர் போதும். கூரைக்கு வெளியே, திறந்த இடத்தில், நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். கசிந்தால் ஆற்றுக்குப் போகட்டும், படகுக்குள் வேண்டாம். சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகியோடு நிற்காமல் சிலிண்டரிலும் மூடுங்கள். ட்யூப் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வாசம் வந்தால் தீக்குச்சியும் வேண்டாம், எஞ்சினும் வேண்டாம். முதலில் பலகையைத் தூக்கிக் காற்றோட விடுங்கள். பாத்திரம் சரியாமலிருக்க அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி வையுங்கள். பாதிப் பானைக்கு மேல் கொதிக்க வைக்காதீர்கள்.

மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் என்றால் அடி அகலமானதாக வாங்குங்கள். சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றக்கூடாது. எரியும் எண்ணெய்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்; பக்கத்தில் ஈரச் சாக்கு இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய தாதா கடைசியில் கேட்டார்: "குளிர்காலத்தில் தார்ப்பாயை இறக்கிவிட்டு, பழைய அடுப்பின் தணலை உள்ளே வைத்துப் படுப்போமே, அது பரவாயில்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காஸுக்காவது நெடி சேர்த்திருக்கிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நெடியும் இல்லை, நிறமும் இல்லை. விழித்திருப்பவனுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு வரும். தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். மூன்று பேரும் தூங்கினால் யார் எழுப்புவது? தணலை ஆற்றில் கொட்டிவிட்டு இன்னொரு கம்பளி வாங்குங்கள் என்றேன். அந்தக் கம்பளிக்கும் படிவத்தில் இடமில்லை. பரவாயில்லை, ஒரு எஞ்சினின் விலையில் அது எம்மாத்திரம்!

லீவுக்குக் குழந்தைகளோடு ஆலப்புழைக்கோ ஸ்ரீநகருக்கோ போய்ப் படகு வீட்டில் தங்குகிறவர்களும் சாப்பாடு என்ன என்று விசாரிக்குமுன் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குளிருக்கு உள்ளே கரியடுப்பு கொண்டுவந்தால் தூங்குமுன் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் காசா பணமா?