பெறாமகளுக்கு ஒரு கதைத்தொடர்

சிறுவர்க்கென ஒரு நூலைத் தெரிவுசெய்வது எளிதான கருமம் என்றே சென்ற மார்கழி வரை நான் எண்ணியிருந்தேன். ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாகப் பயிலும் கலைப்பீட மாணவியிடம் வீட்டார் இத்தகைய பொறுப்பை ஒப்படைப்பதில் வியப்பில்லை. பன்னிரண்டு வயதான என் பெறாமகள் இருமொழி வகுப்பிற் படிக்கிறாள். பாடசாலை நூலகத்துக் கதைப்புத்தகங்களை முடித்துவிட்டாள். மந்திரமும் மாயமும் நிறைந்த நீண்ட தொடர் ஒன்று வேண்டுமென்றாள். மகாபொலப் பணத்தில் மிச்சம்பிடித்து வாங்கித் தருவதாக நானும் வாக்களித்தேன். அக்கா ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: "சாவு இல்லாத கதையாய்ப் பார்த்து வாங்கு." அத்தான் காலமாகி அப்போது ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன.

நிபந்தனை நியாயமானதாகவே எனக்குப் பட்டது. விடுதி அறையில் இருந்தவாறு, நான் வாசித்த தொடர்களையெல்லாம் அந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலானேன்.

முதலில் நினைவுக்கு வந்தது சி. எஸ். லூயிஸின் நார்னியா. 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக வெளிவந்த ஏழு நூல்கள். இவற்றை வெளிவந்த வரிசையில் வாசிப்பதா, கதைநிகழ்ச்சிகளின் கால வரிசையில் வாசிப்பதா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. கால வரிசையே நன்று என்று 1957 இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸ் உடன்பட்டார். ஆயினும் அலுமாரிக்குள் புகுந்து பனிக்காட்டில் வெளிப்படும் அந்த முதல் வியப்பை, பின்னர் எழுதப்பட்ட முற்கதையொன்றை முன்னே வைத்துக் கெடுப்பானேன் என்பது என் கட்சி. விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகளுடன் அக்கதை தொடங்குகிறது. எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு அத்தொடக்கம் விளக்கவுரை வேண்டாதது.

ஆனால் முடிவு? இறுதி நூலில், புகையிரத விபத்தொன்றிற் பிள்ளைகள் இறந்துவிட்டார்கள் என்பது தெரியவருகிறது. அவர்களின் பெற்றோரும் அதே விபத்தில் மாண்டவர்களே. மாயவுலகத்தை மறந்து ஒப்பனையிலும் விருந்துகளிலும் மனம் வைத்தாள் என்ற குற்றத்துக்காக, சூசன் என்னும் மூத்த சகோதரி மட்டும் இவ்வுலகில் எஞ்சுகிறாள். இறந்தோரெல்லாம் மகிழ்ந்திருக்க, உயிரோடிருக்கும் ஒருத்தியைப் பற்றி ஆசிரியருக்குக் கவலையில்லை. ஒரே இரவில் வீடு வெறுமையாகிப்போன அந்தப் பெண்ணை நினைத்து எனக்குக் கோபமே வந்தது. நார்னியாவை ஒதுக்கினேன்.

ஹரி பொட்டர் கதைகளை ஒதுக்க அவ்வளவு நேரம் செல்லவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளையின் கதை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. 2003 இல் வந்த ஐந்தாம் நூலில், மரணத்தைக் கண்ணாற் கண்டவர்களுக்கு மட்டுமே புலப்படும் குதிரைகளும் வருகின்றன. வேறொரு காரணமும் உண்டு. 1997 முதல் 2007 வரை அத்தொடர் வெளிவந்தபோது, முதல் வாசகர்கள் அடுத்த நூலுக்காகக் காத்திருந்து, கதை இருளுந்தோறும் தாமும் வளர்ந்தார்கள். இன்றைய பிள்ளை ஏழையும் ஒரே விடுமுறையில் விழுங்கிவிடும்.

ரோல்கீனின் 'ஹொபிற்' 1937 இல் வெளிவருமுன், அதைப் படித்து அபிப்பிராயம் எழுதும்படி பதிப்பாளர் ஸ்ரான்லி அன்வின் தம் பத்து வயது மகனிடம் கொடுத்தார். ஒரு சிலிங் கூலி. ஐந்து முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளுக்கு உகந்தது என்று அச்சிறுவன் எழுதிக்கொடுத்தானாம். தான் அந்த வயதைக் கடந்துவிட்டவன் என்ற நினைப்புப் போலும். என் பெறாமகளும் அதே கருத்தையே கொள்வாள் என்று அஞ்சி அதையும் விட்டேன்.

இறுதியில் தெரிந்தெடுத்தது ஊர்சுலா லே குவினின் ஏர்த்சீ நூல்களை. எங்கும் கடலும் தீவுகளுமான உலகம். நாயகனான கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற நண்பன் கறுத்தவன். அட்டைகளில் அவனை வெள்ளையனாக வரைந்த பதிப்புகளை லே குவின் பலகாலம் கண்டித்து வந்தார். ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதனை ஆளவல்லவன் என்பது அவ்வுலகின் நியதி. செருக்கினால் தானே ஏவிவிட்ட நிழலொன்றுக்கு அஞ்சி ஓடிய கெட், பின்னர் திரும்பி அதனைத் துரத்துவதே 1968 இல் வந்த முதல் நூலின் கதை. 1972 இல் வந்த மூன்றாம் நூல் இறந்தோரின் நாட்டுக்கே செல்வது. ஆதலால் முதலிரண்டை மட்டும் வாங்கி, "இவ்வளவுந்தான்" என்று ஒரு பொய்யுஞ் சொல்லிக் கொடுத்தேன். நூலின் முற்பக்கத்தில் ஏனையவற்றின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்; ஆனால் உடனே கேட்கவில்லை.

விடுமுறையில் இருவருமாக வாசித்தோம். கடினமான இடங்களை நான் தமிழிற் சொல்வேன். ஐந்தாம் அத்தியாயத்தை அடைந்தபோதுதான் என் தவறு விளங்கிற்று. பதினைந்து வயதில் வாசித்த எனக்கு அதிலுள்ள பறவைநாகமே நினைவிருந்தது. அதற்கு முன்னால், படகு கட்டும் நண்பரின் குழந்தை நோயுற்றுக் கிடப்பதும், அதனைக் காக்க கெட் முயல்வதும் முற்றாக மறந்துபோயின. சாகும் உயிரைப் போகவிடு என்று ஆசான் கற்பித்ததையும் மீறி, அவன் அக்குழந்தையின் பின்னே இருண்ட சரிவில் ஓடுகிறான். குழந்தை அகப்படவில்லை. அங்கே ஒரு கற்சுவர், மிகத் தாழ்ந்தது. அதைக் கடந்து மீள்வதற்குள் அவனே சாவின் விளிம்புக்கு வந்துவிடுகிறான். அவனுடைய சிறு வளர்ப்புப் பிராணி நக்கிக்கொடுக்க, உணர்வு திரும்புகிறது. (அந்தச் சுவரை இடிக்க லே குவினுக்கே முப்பத்துமூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன, 2001 இல் வந்த இறுதி நாவலிலேதான் அது வீழ்கிறது.)

நான் பக்கத்தைப் புரட்ட முயன்றேன். அவள் கையை வைத்து மறித்தாள்.

"சின்னம்மா, இவன் பெரிய மந்திரவாதிதானே? இவனாலையும் ஏலாமற் போச்சே?"

"ஓம்."

"அப்ப நான் இன்னும் கெதியா ஓடியிருந்தாலும்...?"

அத்தானுக்கு நெஞ்சுவலி வந்த இரவில், ஓட்டோவைக் கூட்டிவர அடுத்த ஒழுங்கைக்கு ஓடியவள் அவளே. படலை பூட்டியிருந்தது. கூப்பிட்டு, படலையைத் தட்டி, அவ்வீட்டார் எழும்பி வரச் சில நிமிடங்கள் சென்றன. அந்த நிமிடங்களை அவள் ஒன்பது மாதங்களாக எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதை அக்காவும் அறியவில்லை, நானும் அறியவில்லை. சாவில்லாத கதை தேடி இரண்டு கிழமை மினக்கெட்டேனேயன்றி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இல்லையம்மா, கெதியா ஓடியிருந்தாலும் ஏலாது" என்றேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "மற்றப் புத்தகங்களை எப்ப வாங்குவியள்?" என்று கேட்டாள்.

அன்றிரவு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நூலை அடுத்த மாதம் அஞ்சலில் அனுப்பிவைத்தேன். அதை முதலில் தான் வாசித்துவிட்டுத் தருவதாக அக்கா வாங்கி வைத்தாராம். அகராதியும் கையுமாக இருக்கிறார். இன்னமும் தரவில்லை என்று பெறாமகள் தொலைபேசியில் முறையிடுகிறாள்.