டிக்கோயாவிலிருந்து ஒரு மாலுமி

சென்ற டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் ஒருநாள் இரவு, டிக்கோயாவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இன்றும் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் குரல். உறவு முறையில் எனக்குத் தங்கை. "அண்ணே, இவன் கப்பல்ல போகப் போறானாம். சம்பளமும் இல்லையாம். நீங்க பேப்பர்ல இருக்கிறவரு, நீங்க சொன்னாத்தான் கேப்பான். போகாதேன்னு சொல்லுங்க" என்றார்.

சம்பளமில்லாத கப்பல் வேலை என்றதும் எனக்கும் துணுக்கென்றது. ஆட்கடத்தல்காரர்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதி வந்தவன் நான். அடுத்த சனிக்கிழமை ஹட்டனுக்குக் கோச்சி ஏறினேன்.

டிக்கோயாவை அறியாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். ஹட்டனிலிருந்து நோர்வூட் செல்லும் வீதியில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்த சிறு ஊர். 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயத்தின் முற்றத்தில் நின்றால் காசல்ரீ நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடக்கும். கடலைக் காணவேண்டுமாயின் பல மணி நேரம் மலையிறங்க வேண்டும். அந்த ஊர்ப் பையனுக்குக் கடல் எப்படிப் பிடித்தது என்பதுதான் என் முதல் கேள்வி.

பதில் எளிமையானது. மலையகத்து இளைஞர்கள் பலரையும் போல அவனும் பதினெட்டு வயதில் மலையிறங்கினான். கொழும்பில் ஒரு கடையில் சில மாதங்கள். பின்னர் பெந்தோட்டையில் நீர் விளையாட்டு நிலையம் ஒன்றில் எடுபிடி வேலை. சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்திருந்த சிறு பாய்ப்படகை ஓய்வு நேரத்தில் ஓட்டிப் பழகினான். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கியே கோணல்மாணலாக வெட்டி வெட்டி முன்னேறலாம் என்று கண்டறிந்த நாளை, ஏதோ தெய்வதரிசனம் போல அவன் எனக்கு விவரித்தான். இப்போது வயது இருபத்து நான்கு. காலித் துறைமுகத்தில் தங்கியிருந்த ஒரு பாய்மரப் படகின் உரிமையாளர், இந்து சமுத்திரத்தைக் கடக்கத் துணைமாலுமி தேடுகிறாராம்.

லயத்து வாசலில் அமர்ந்து, பிளேன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவனிடம் நான் பாடம் கேட்டேன்.

நெடுங்கடல் செல்லும் சிறு படகுகளைப் பெரும்பாலும் ஒரு கணவனும் மனைவியுமே செலுத்துகிறார்கள். கடலின் நடுவில் நங்கூரமிட்டுத் தூங்க முடியாது. படகு இரவு பகலாக ஓடிக்கொண்டேயிருக்கும். யாராவது ஒருவர் விழித்திருந்து கப்பல்களையும் காற்றையும் கவனிக்க வேண்டும். இருவர் மட்டுமெனில் நான்கு மணி நேரக் காவல், நான்கு மணி நேர உறக்கம். மூன்றாவது ஆள் ஏறியதும் உறக்கம் எட்டு மணி நேரமாகிவிடும். ஆள் தேடுவதன் முதற்காரணம் இந்தத் தூக்கக் கணக்குத்தான். ஏறுபவருக்குச் சம்பளம் கிடையாது. சில இடங்களில் சாப்பாட்டுச் செலவில் அவரே பங்கு கொடுக்க வேண்டும். பதிலாக அவர் பெறுவது கடலும் அனுபவமும். வடகீழ்ப் பருவக்காற்று சீராக வீசும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் இங்கிருந்து மேற்கே செல்லும் படகுகள் புறப்பட்டுவிடும். ஆகவே ஆள் பிடிக்கும் அவசரமும் அந்த மாதங்களில்தான்.

"கங்காணி இல்லாத ஆள் கட்டு" என்றேன். அவன் சிரித்தான். அவன் தாய் சிரிக்கவில்லை.

அவருடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் முன்னோர் கடல் கடந்தவர்கள்தாம். ஆனால் எவரும் அவர்களை மாலுமிகள் என்று எழுதி வைக்கவில்லை. தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் தோணிகளில் ஏற்றப்பட்டார்கள். 1914க்குப் பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலில் வந்தார்கள். கங்காணி கொடுத்த கடன் எழுதப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டே அவர்களது அடையாளம். பிறகு 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. ஹட்டன் நிலையத்தில் கோச்சி நகரும்போது எழுந்த ஒப்பாரியைச் சிறுவனாக நானும் கேட்டிருக்கிறேன். இந்தத் தாயின் பெரிய மாமன் அப்படிப் போனவர். இரண்டு கடிதங்கள் வந்தன, அவ்வளவுதான். "கடல்ல போன நம்மாளு யாருண்ணே திரும்பி வந்திருக்காக?" என்று அவர் கேட்டபோது, அக்கேள்விக்குப் பத்திரிகைக்காரனிடம் பதில் இல்லை.

கடல் எனக்கும் நெருங்கிய சிநேகிதம் அன்று. 2005 ஜனவரியில், ஆழிப்பேரலைக்குப் பின் செய்தி சேகரிக்கக் காலிக்குச் சென்றிருந்தேன். கரையில் கிடந்த படகுகளைக் கண்ட நாளிலிருந்து, கடற்கரைக்குச் சென்றால் முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார மாட்டேன்.

ஆனாலும் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு 'அன்னபூரணி' நினைவுக்கு வந்தாள்.

வல்வெட்டித்துறையில் உள்ளூர் மேஸ்திரிமார் 1930ஆம் ஆண்டு கட்டி முடித்த இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. நீளம் 89 அடி. அதை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று அதற்குப் பெயர் மாற்றினார். 1937இல் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்ட அக்கப்பல் ஏடன், சுயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியாக 1938 ஆகஸ்ட் முதலாம் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. வெள்ளைக்காரக் கப்டன் ஒருவருடன் அதைச் செலுத்திச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர் ஐவர். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்களுள் ஒருவர். ஒரு பணக்காரரின் பொழுதுபோக்குக்காக வாங்கப்பட்ட கப்பல். அதை ஓட்டியவர்களுக்கோ அது தொழில். (பல ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் பணியாற்றிய பத்திரிகையில் இதைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ஆறு வரியாக வந்தது. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.)

ரொபின்சனின் முந்தைய கதை இன்னும் சுவையானது. 1928இல் நியூயோர்க்கிலிருந்து 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் புறப்பட்டு 1931இல் உலகைச் சுற்றி முடித்தவர் அவர். தாஹிட்டித் தீவில் ஏட்டேரா என்னும் தீவுவாசியைத் துணைக்கு ஏற்றிக்கொண்டார். எஞ்சிய பாதி உலகத்தையும் அந்த ஒரே துணையுடன் கடந்தார். சிறு படகுகளின் சரித்திரத்தில் ரொபின்சனின் பெயரை எல்லோரும் அறிவார்கள். ஏட்டேராவை அறிந்தவர் எத்தனை பேர்? அதே ரொபின்சன் 1934இல் கலாபகோஸ் தீவுகளில் குடல்வால் வெடித்து உயிருக்குப் போராடியபோது, உடனிருந்தவர்கள் உதவிக்கு ஆள் தேடியதாலும் அமெரிக்கக் கடற்படை வந்து சேர்ந்ததாலுமே பிழைத்தார். படகில் யாரை ஏற்றுகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை என்பதை அவரைவிட அறிந்தவர் எவருமில்லை.

ஏறுபவனுக்கும் அது அப்படித்தானே? 2011 பெப்ரவரியில் 'குவெஸ்ட்' என்னும் அமெரிக்கப் பாய்மரப் படகு, மும்பையிலிருந்து ஓமானை நோக்கிச் செல்கையில் சோமாலியக் கடற்கொள்ளையரிடம் சிக்கியது. நால்வரும் கொல்லப்பட்டனர். இருவர் படகின் சொந்தக்காரர்கள். மற்ற இருவர் உடன் பயணிக்க ஏறிய நண்பர்கள். பாதையைத் தேர்ந்தெடுத்தது யாராயினும் விளைவு நால்வருக்கும் ஒன்றே. இதையும் அவனிடம் மறைக்காமல் சொன்னேன். அவன் முன்பே படித்திருந்தான்.

போகாதே என்று சொல்லத்தான் மலையேறினேன். சொல்ல வாய் வரவில்லை. மாறாக, அவனுடைய பழைய அப்பியாசப் புத்தகம் ஒன்றை எடுத்து, படகின் கப்டனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இருவரும் எழுதினோம். இடையில் இறங்கினால் திரும்பும் விமானச் சீட்டுக்கு யார் பணம் தருவது? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? சாப்பாட்டுச் செலவில் பங்கு எவ்வளவு? உயிர்காப்பு மிதவையில் மூன்று பேருக்கு இடமுண்டா? ஆபத்தில் செய்மதி வழியே குரல் கொடுக்கும் கருவி பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? எந்தப் பாதை, எந்தெந்தத் துறைமுகம், எந்தத் திகதி என்று அம்மாவிடம் எழுத்தில் கொடுப்பாரா? கடைசிக் கேள்வி அவன் தாய் சொன்னது: "அந்தாளு குடிப்பானா, கோவக்காரனா, அதைக் கேட்டுக்க."

முதலாவது கப்டன் தொடக்கத்திலேயே தோற்றார். கடவுச்சீட்டை நானே வைத்திருப்பேன் என்றார். விமானச் சீட்டைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார். பையன் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். இரண்டாமவர் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் பின்வாங்கினார். அவரை முழுவதும் குறைகூற எனக்கு மனமில்லை. துறைமுகத்தில் கொடுக்கும் ஆட்பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் கப்டனே பொறுப்பு. ஏறியவன் வேற்று நாட்டில் மறைந்துவிட்டால் அபராதமும் அலைச்சலும் அவருக்கு. ஆனால் ஓர் ஐரோப்பிய இளைஞன் தோளில் ஒரு பையுடன் வந்து நின்றால் கேட்கப்படாத கேள்வி, டிக்கோயாப் பையனிடம் மட்டும் கேட்கப்படுகிறது. அன்றிரவு அவன் தொலைபேசியில், "மாமா, பாய் கட்டத் தெரியுமான்னு அவரு கேக்கவே இல்லை" என்றான். எனக்கு அந்த வார்த்தை பல நாள் உறுத்தியது.

அவன் சோர்ந்திருந்த அந்த வாரத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியைப் பற்றி எழுதி அனுப்பினேன். இந்தியக் கடற்படை அதிகாரியான அவரும் கோழிக்கோட்டுத் தில்னாவும் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, இருவர் மட்டுமாகவே உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். புறப்படுமுன் ஒருவரை ஒருவர் அறிய, நீண்ட காலம் சேர்ந்தே கடலோடியிருக்கிறார்கள். கடற்படையும் கடவுச்சீட்டும் பின்னால் நின்றன, எனக்குத் தெரியும். ஆயினும் தமிழ் பேசும் ஒரு பெண் நள்ளிரவுக் காவலில் சுக்கானைப் பிடித்து நின்றாள் என்ற செய்தி அவனுக்கு மருந்தாக இருக்கும் என்று நினைத்தேன். "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன் மாமா" என்று பதில் வந்தது.

மூன்றாவதாக வந்தவர்கள் அறுபது கடந்த ஓர் ஐரோப்பியத் தம்பதியர். கணவருக்கு முழங்கால் வலி; முன்பாயைத் தனியே இறக்க முடியவில்லை. பையனின் அப்பியாசப் புத்தகத்தை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, தங்களிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்களாம். ஒப்பந்தம் இப்படி அமைந்தது: முதலில் மாலைதீவு வரை மட்டும், 400 கடல் மைலுக்குச் சற்று மேல், நான்கு நாள் ஓட்டம். இரு தரப்புக்கும் பிடித்தால் மேலே. இல்லையெனில் அங்கிருந்து விமானத்தில் வீடு. அதற்கான பணம் முன்கூட்டியே தாயின் கையில். அந்த அம்மையார் தாயிடம் காணொளியில் பேசினார். இருவருக்கும் பொதுமொழி இல்லை, இருவரும் சிரித்தார்கள், மகன் மொழிபெயர்த்தான்.

புறப்படும் நாளில் தாய் ஹட்டன் நிலையம் வரை வந்தார். நானும் போயிருந்தேன். ஒரு பொட்டலம் திருநீறும் இரண்டு கிலோ தேயிலைத் தூளும் கொடுத்தார். கோச்சி நகர்ந்தபோது அவர் அழவில்லை. மேடையின் கடைசி வரை உடன் நடந்தார்.

ஆறாம் நாள் செய்தி வந்தது. "ரெண்டு நாள் ஒரே வாந்தி மாமா. மூணாம் நாள் ராத்திரிக் காவல் என்கிட்ட குடுத்திட்டாங்க. சீஷெல்ஸ் வரைக்கும் வரச் சொல்றாங்க. அம்மாகிட்ட நீங்க கேளுங்க." துறைமுகத்தில் கொடுத்த ஆட்பட்டியலின் படத்தையும் அனுப்பியிருந்தான். கப்டன், அவர் மனைவி, மூன்றாவதாக இவன் பெயர். எதிரே மாலுமி என்று எழுதியிருந்தது.

அந்தப் படத்தைத் தாயிடம் காட்டச் சென்றேன். தொலைபேசியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "சோறு பொங்கிக் குடுக்கிறாகளாமா, இல்லே ரொட்டிதானாமா?" என்று கேட்டார். சீஷெல்ஸ் எவ்வளவு தூரம் என்பதை அவர் இன்னும் கேட்கவில்லை.