குரலும் ஓர் அமானிதம்



தல்லாகுளத்தில் குடியிருப்போருக்கு இசை அயலானதன்று. சித்திரையில் கள்ளழகர் எதிர்சேவை கண்டு இங்கு வந்து தங்கும் இரவில் கொட்டு முழக்கம் நெடுநேரம் ஓய்வதில்லை. ராஜா முத்தையா மன்றத்தில் தமிழிசை விழா நடைபெறுகிறது. லட்சுமி சுந்தரம் அரங்கில் கச்சேரிகள் நிகழ்கின்றன. நோன்பு மாதத்தில் தாயிரா தட்டிப் பாடி நம்மைச் சஹருக்கு எழுப்பிய பக்கீர்சாக்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் உள்ளனர். கோரிப்பாளையத்துப் பாங்கோசையோ ஐவேளையும் நம்முடன் இருக்கிறது.

இத்தனை ஓசைகளுக்கு நடுவே மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையுடன் நாள்தோறும் நடந்து செல்கின்றனர். அந்த அரங்குகளின் வாசல்களைக் கடந்துதான் செல்கின்றனர். அவர்களுள் உள்ளே சென்று மேடையேறியவர் எத்தனை பேர் என்ற கேள்வி சில காலமாக என்னை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் எங்கள் தெருச் சிறுவன் ஒருவன்.

அவனுடைய அத்தா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலிருந்தபடியே துணி தைக்கிறார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைத்திருவிழாவில் தனிப்பாடல் பாடிப் பள்ளி அளவிலும் வட்டார அளவிலும் முதலிடம் பெற்றான். மாவட்டப் போட்டிக்குப் பதினைந்து நாட்களே இருந்தன. இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது அவன் அத்தா என்னை நிறுத்தினார்.

"வாத்தியாரு பையனைப் பாட்டு கிளாஸ்ல சேர்க்கச் சொல்றாரு பாய். மாசம் ஆயிரம் ரூவாயாம். அது கெடக்கட்டும். மொதல்ல இதைச் சொல்லுங்க, மார்க்கத்துல இது கூடுமா?"

பணத்தைப் பற்றிய கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, மார்க்கத்தைப் பற்றிய கேள்வியை முன்வைத்தார் அந்த மனிதர். நாளெல்லாம் ஆட்டோ ஓட்டிக் களைத்தவரின் அந்த இறையச்சத்துக்கு முன் அலட்சியமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருவரும் ஹஜ்ரத்திடம் சென்றோம்.

ஹஜ்ரத் எதையும் மறைக்காமல் விளக்கினார். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. நரம்புக் கருவிகளையும் குழற்கருவிகளையும் அறிஞர்களுள் பெரும்பாலோர் தடுத்துள்ளனர். இப்னு ஹஸ்ம் (ரஹ்) அந்தத் தடைக்குரிய சான்றுகளை ஏற்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, பாடப்படும் பொருள், கேட்பவரின் உள்ளம், சூழல் ஆகியவற்றைக் கருதி விரிவாக ஆராய்ந்தார். பெருநாள் அன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதையும், அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னதையும் புகாரியில் காண்கிறோம். நல்ல பொருளுடைய பாடலைக் கருவியின்றிக் குரலால் பாடுவதற்கு இடம் உண்டு என்பதில் பெரிய தகராறு இல்லை என்று சொல்லி முடித்தார். அத்தாவின் முகம் தெளிந்தது.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. அபூ மஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாறே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நபிகளார் (ஸல்) ஹுனைனிலிருந்து திரும்பும் வழியில் தொழுகைக்குப் பாங்கு சொல்லப்பட்டது. அதைக் கேட்ட மக்கா இளைஞர் கூட்டம் ஒன்று கேலியாக அதைப் போலவே கூவியது. அக்கேலிக்கிடையே இனிய குரல் ஒன்று இருப்பதை நபிகளார் செவியுற்றார்கள். அவர்களை அழைத்து ஒவ்வொருவராகச் சொல்லச் செய்து, அக்குரலுக்கு உரியவரைக் கண்டறிந்தார்கள். அவரைத் தம் முன் நிறுத்திப் பாங்கின் சொற்களை ஒவ்வொன்றாகத் தாமே கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளிக்காசுகள் அடங்கிய பை ஒன்றைக் கொடுத்தார்கள். மக்காவில் பாங்கு சொல்லும் பொறுப்பை அவர் கேட்டபோது அதையும் அவருக்கே வழங்கினார்கள். அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அப்பணியைத் தொடர்ந்தனர்.

பாங்கு பாட்டன்று. இரண்டையும் ஒன்றாக்குவது என் நோக்கமுமன்று. அந்நிகழ்ச்சியில் அமைந்துள்ள வரிசையையே நான் கவனிக்கிறேன். முதலில் குரலைக் கண்டறிதல், அடுத்து அமர்த்திக் கற்பித்தல், கைப்பொருள் கொடுத்தல், இறுதியாக அக்குரல் ஒலிப்பதற்கு ஓர் இடம் தருதல். இந்நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் மக்காவுக்கு அந்த முஅத்தின் கிடைத்திருக்க மாட்டார். நம் பிள்ளைகளுக்கு இவற்றுள் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை?

கண்டறிதல் இப்போது ஓரளவு நடக்கிறது. தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறை 2022-23ஆம் கல்வியாண்டில் கலைத்திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நடைபெறுகின்றன. மாநில அளவில் சிறந்து விளங்குவோர்க்குக் 'கலையரசன்', 'கலையரசி' என்னும் பட்டங்கள் அளிக்கப்படுகின்றன. தன் பிள்ளைக்குப் பாட வரும் என்பதே தெரியாதிருந்த எத்தனையோ பெற்றோர் இவ்விழாவால் அதை அறிந்தனர். இது பாராட்டுக்குரியது.

கற்பித்தலில்தான் பள்ளம் விழுகிறது. 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். அப்போது அவர்களின் மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாயாக இருந்தது. வாரத்தில் மூன்று அரை நாட்களே பணி. அவற்றுள் இசையும் ஒன்று என்பதால், இசை ஆசிரியரையே காணாத பள்ளிகள் மிகப் பல. மதுரைக்கென அரசு இசைக்கல்லூரி பசுமலையில் இருக்கிறது. ஆயினும் அது கல்லூரி. எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கு அது பின்னாளைய கனவு.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆறேழு வயதிலேயே சுருதிப்பெட்டியின் முன் அமர்கிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஆண்டுக்கணக்கில் தொண்டை பழகுகிறது. எங்கள் தெருச் சிறுவனோ கைப்பேசியில் கேட்டுப் பழகியவன். இருவரும் ஒரே மேடையில் நின்றால் நடுவர் எதை அளப்பார்? இறைவன் தந்த குரலை அளப்பதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அளக்கப்படுவது பெற்றோர் செலுத்திய கட்டணமே. இதனைச் சரிசெய்வது அரசின் கடமை; அதுவரை கைகட்டி நிற்பது நம் கடமையாகாது.

இப்பணி நம் சமுதாயத்துக்குப் புதிதும் அன்று. பைத்து சபைகளை எண்ணிப் பாருங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளை மாலையில் அமர்த்தி, அரபு பைத்துகளையும் தமிழ்ப் பாடல்களையும் சேர்ந்திசைக்கப் பழக்கி, மீலாது ஊர்வலத்திலும் திருமண வீட்டிலும் பாடச் செய்தார்கள் நம் முன்னோர். பாடமும் மேடையும் ஒரே இடத்தில் கிடைத்தன. நாகூரின் பைத்து சபையில் சிறுவனாகப் பாடத் தொடங்கியவரே பின்னாளில் தமிழகமெங்கும் இசைமுரசு எனப் போற்றப்பட்ட இ.எம். ஹனீபா (1925–2015).

ஷேக் சின்ன மௌலானாவின் வாழ்க்கை இன்னொரு பாடம் புகட்டுகிறது. 1924இல் ஆந்திரத்தின் கரவதியில் நாகசுரக் குடும்பத்தில் பிறந்த அவர், தஞ்சாவூர்ப் பாணியைக் கற்க விரும்பித் தமிழகம் வந்தார். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள் அவருக்குக் கற்பித்தனர். திருவரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, தாமும் ஒரு நாகசுரப் பயிற்சிக்கூடம் அமைத்துப் பலரை உருவாக்கினார். கருவியிசை பற்றி நமக்குள் மாறுபட்ட கருத்து இருக்கலாம். ஆனால் வேற்றுச் சமயத்து இளைஞன் வாசலில் நின்றபோது கதவைத் திறந்து கற்பித்த அந்த ஆசிரியர்களின் அறத்தில் மாறுபட எவருக்கும் இடமில்லை.

நம் காலத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் கே.எம். இசைக்கல்லூரியை நிறுவினார். அதனுடன் இணைந்த 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா' ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மேலை இசை கற்பித்து மேடையேற்றுகிறது. வெனிசுவேலா நாட்டில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய 'எல் சிஸ்தேமா' இயக்கமும் இதையே பெரிய அளவில் செய்தது. குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் கையில் வயலினைக் கொடுத்து, பள்ளி முடிந்த மாலைகளில் அவர்களை ஒன்றாக அமர்த்தி வாசிக்கப் பழக்கியது.

எங்களால் முடிந்தது மிகச் சிறியது. அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். இந்து சமயத்தைச் சேர்ந்தவர். நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "சனி, ஞாயிறு காலையில அனுப்புங்க தம்பி. காசு பேசாதீங்க" என்றார். ஹஜ்ரத்தின் அறிவுரைப்படி ஜகாத் நிதியைத் தொடாமல், நண்பர்கள் ஐவர் பொதுவான ஸதகாவிலிருந்து சுருதிப்பெட்டி ஒன்று வாங்கித் தந்தோம்.

பதினைந்து நாட்களில் அதிசயம் எதுவும் நிகழவில்லை. மாவட்டப் போட்டியில் அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. மேல் ஸ்தாயியில் சுருதி விலகுகிறது என்று நடுவர்கள் சொன்னார்களாம். டீச்சர் சிரித்தார். "குரல் உடையிற வயசு. இப்பக் கத்திப் பாடுனா தொண்டை கெட்டுடும். ஒரு வருஷம் பொறுமையா சாதகம் பண்ணட்டும்." இதைச் சொல்வதற்கு ஒருவர் இல்லாமல் அந்த வயதில் கெட்டுப்போன குரல்கள் எத்தனையோ! பயிற்சி என்பது பாடக் கற்றுக்கொடுப்பதோடு முடிவதில்லை, பாடாதிருக்க வேண்டிய நேரத்தையும் கற்றுக்கொடுப்பது என அன்று அறிந்தேன்.

மேடைக்குத்தான் பெரிய விவாதம் நடந்தது. மீலாது விழாவில் அவனைப் பாட வைக்கலாம் என்றபோது பெரியவர்கள் சிலர் மறுத்தனர். இன்று பாட்டு என்பீர்கள், நாளை கீபோர்டு என்பீர்கள் என்றார் ஒருவர். அவர் அஞ்சியதில் பொருள் இல்லாமலில்லை. முடிவில் குரலும் தஃபும் மட்டும் என்று தீர்மானமாயிற்று. விழாவன்று அவன் ஒரு நபிப்புகழ்ப் பாடலைத் தாழ்ந்த சுருதியில், கத்தாமல் பாடினான். மறுத்த பெரியவர் முன்வரிசையில் அமர்ந்து இறுதிவரை கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்தும் செல்லவில்லை. டீச்சர் பெண்கள் பகுதியில் அமர்ந்து விரலால் தாளமிட்டுக்கொண்டிருந்ததாக என் மனைவி சொன்னாள்.

விடை கிடைக்காத ஒன்றும் உண்டு. அவனுக்கு ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கை இருக்கிறாள். அண்ணனோடு டீச்சர் வீட்டுக்குத் துணையாகச் சென்றவள், ஓரமாக அமர்ந்து கேட்டே எல்லா வரிசைகளையும் பழகிவிட்டாள். அவள் குரல் அண்ணன் குரலைக் காட்டிலும் நேர்த்தியானது என்கிறார் டீச்சர். பள்ளிக் குழுப்பாடலில் பாட அத்தா சம்மதித்திருக்கிறார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. பெண்களுக்கென்றே நடக்கும் அவைகளும், பெண் ஆசிரியரிடம் கற்கும் வாய்ப்பும் இருக்கும்போது அவள் குரல் எட்டாம் வகுப்போடு நின்றுவிடத்தான் வேண்டுமா என்பதை நம் ஜமாஅத்தினர் அமர்ந்து பேச வேண்டும். பேசாமலிருப்பதும் ஒரு முடிவுதான். அதன் விலையை அச்சிறுமி தனியே செலுத்துவாள்.

இதைப் படிப்போர் தத்தம் பகுதியில் செய்யத்தக்கவை எளியவையே. அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்துப் பாடும் பிள்ளைகள் யாவர் எனக் கேளுங்கள். நம் பிள்ளை, பிறர் பிள்ளை என்று பிரிக்க வேண்டாம். 5 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கலைகள் கற்பிக்கும் ஜவகர் சிறுவர் மன்றம் மதுரையிலும் உண்டு. அங்கே அழைத்துச் செல்ல ஆளில்லாத பிள்ளையை நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். போட்டி அறிவித்த பிறகு ஓடாமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியரைத் தேடுங்கள். நம் விழாக்களில் சிறப்புப் பேச்சாளரின் நேரத்திலிருந்து ஐந்து நிமிடங்களைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். கருவி கூடாது என்று கருதுவோர் குரலுக்கு உதவுங்கள். அதுவும் கூடாது என்று அஞ்சுவோர் கிராஅத்தும் பாங்கும் பழக்குங்கள்.

குரலைக் கொடுத்தவன் இறைவன். அதைத் தாங்கி நிற்கும் பிள்ளை ஏழையாயிருந்தால், அந்த அமானிதத்தில் அண்டை வீட்டாராகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நாளை அதுபற்றி நாம் கேட்கப்படுவோம் என்றே நான் அஞ்சுகிறேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் குரல்களை நன்மையில் உயரச் செய்வானாக. அவர்களுக்குக் கற்பிக்கும் கரங்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.